இடுப்பில் ஒரு கண்

தெற்கு பொஹீமியாவில் அக்டோபர் கடைசியில்
குளங்களை வடிப்பார்கள்.
வலைக்காரர்கள் இடுப்பளவு சேற்றில் நின்று
கெண்டை அள்ளுவார்கள்.
கண்ணுக்குக் கெண்டையை உவமை சொல்லும் வழக்கம்
அங்கே கிடையாது.
அது கிறிஸ்துமஸ் தட்டுக்கு.

அந்தச் சத்தம் கேட்கும் தூரத்தில்
முன்பு மாவு அரைத்த கட்டடம் ஒன்றில்
பொஹுமிலா பச்சைத் தண்ணீர் வளர்க்கிறாள்.
குடுவை கழுவுவது, விளக்குப் போடுவது, எண்ணுவது.
பதினோரு வருடமாக.

விளக்கு இடப்பக்கம் என்றால்
சற்று நேரத்தில் தட்டின் இடவோரம்
பச்சை கட்டிவிடும்.
வெளிச்சத்தைக் கூட்டினால்
அத்தனையும் முதுகைக் காட்டிக்கொண்டு போகும்.
திடீரென்று பளிச்சிட்டால்
நிற்கும். பின்னால் நீந்தும்.
அப்புறம்தான் என்ன ஏது என்று பார்க்கும்.

ஒரு துளியில் சில லட்சம் பேர்.
ஆளுக்கு ஒரே ஓர் அறை,
சமையலும் படுக்கையும் அதற்குள்ளேயே.
முன்னால் இரண்டு சாட்டை,
நீச்சல்காரி கைகளை விரித்து மடக்குவது போல.
கண் மட்டும் முகத்தில் இல்லை.
இடுப்பில், கேரட் நிறத்தில்,
இமையில்லாத ஒரு பொட்டு.

இடுப்பில் கண்ணை வைத்துக்கொண்டு
எப்படி வழி தெரியும் இதற்கு?

சுற்றும்.
நீந்தியபடியே தன்னைத் திருகிக்கொண்டு
விநாடிக்கு இரண்டு சுற்று.
வெளிச்சம். இல்லை.
வெளிச்சம். இல்லை.
மினுக்கினால் கோணல் வழி.
ஒரு சாட்டையைக் கொஞ்சம் ஓங்கிப் போடு.
மினுக்கல் அடங்கினால் நேர்வழி.
இதற்கு மேல் அதற்கு வேதாந்தம் எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஓட்டகார் புதுக் குடுவை ஒன்றை
மேசையில் வைத்துவிட்டுப் போனான்.
கண்ணற்ற ரகம்.
பொட்டில்லாமலே பிறந்தவை.
"சும்மா அலையும், எழுதிவிடு" என்றவன்
பென்சிலால் தானே எழுதியும் வைத்திருந்தான்:
அலைந்தன.

விளக்கை இடப்பக்கம் வைத்தாள்.
எல்லாம் வலப்பக்கம் போயின.
குடுவையை மாற்றிவிட்டோமோ என்று
பெயர்ச்சீட்டைப் பார்த்தாள்.
தட்டைத் திருப்பினாள்.
மேசையையே திருப்பினாள்.
வேறு விளக்கு, வேறு துளி, ஆறிப்போன காப்பி.
எங்கே வைத்தாலும்
விளக்குக்கு நேர் எதிர்ப்பக்கம்
ஒரு பச்சைக் கோடு.

அலையவில்லை.
தெரிந்தே, தவறாகப் போயின.

மாலை ஐந்துக்கு மேல்தான் பிடிபட்டது.
அந்தப் பொட்டு பார்ப்பதே இல்லை.
பார்ப்பது அதன் மேல் போர்த்த மெல்லிய சவ்வு.
பொட்டு வெறும் தட்டி.
முன்னால் வரும் ஒளியைத் திருப்பிச் சவ்விலேயே போடும்,
முதுகுப்பக்கம் வரும் ஒளியை மறித்துவிடும்.
தட்டி போனதும்
அந்த உருண்டை உடம்பே ஒரு பூதக்கண்ணாடி.
பின்னாலிருந்து வந்ததைக் குவித்துக் குவித்து
முன்னால் இருப்பதைவிடப் பிரகாசமாய்க் காட்டிவிட்டது.
பாவம், கண் இல்லாமல் கெடவில்லை.
எல்லாப் பக்கமும் பார்த்துக் கெட்டது.

'அலைந்தன' என்பதைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.
முழுசாய்ப் போகவில்லை.
அதன் மேலேயே எழுதினாள்:
எதிர்த்திசை. ஒன்பது தடவை.
கீழே இன்னொரு வரி எழுத நினைத்து
மூடியைப் போட்டுவிட்டாள் பேனாவுக்கு.

விளக்கை அணைத்தாள்.
இருட்டில் அவை மெல்ல மேலே ஏறும்,
கண்ணுள்ளவையும் இல்லாதவையும்.
மேலே எது என்று அவற்றுக்கு
யாரும் காட்ட வேண்டியதில்லை.

வீட்டுக்குக் கரைமேல்தான் வழி.
ஒரு பக்கம் வடிந்த குளம், சேற்று நாற்றம்,
மறுபக்கம் ஓக் மரங்கள்.
மனசுக்குள் இன்னும் எண்ணிக்கொண்டே வந்தாள்.
தொட்டியருகே குனிந்திருந்த ஹ்ரூபெஷ்
சட்டென்று நிமிர்ந்தார்,
நெற்றியில் கட்டிய விளக்கோடு.

பொஹுமிலா நின்றாள்.
இரண்டடி பின்னால் போனாள்.

"மன்னிக்கணும்மா" என்று
விளக்கைக் கையால் மூடினார் அவர்.
விரலிடுக்கில் சதை ஆரஞ்சாய்த் தெரிந்தது.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.
எதற்கென்று அவருக்குப் புரியவில்லை.
ஒரு சின்னக் கெண்டையைத் தாளில் சுற்றி
நீட்டினார்.